தில்லிக் கோடையில் ஏரிப் பறவைகள்

தில்லியில் வாழும் தமிழர்களுக்குக் கோடை என்பது பெரும்பாலும் புறப்படும் காலம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஜி.டி. எக்ஸ்பிரசிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரசிலோ இடம் பிடித்து ஊர் போய்ச் சேர்கிறோம். திரும்பி வரும்போது ஆனி மாதம் முதிர்ந்து, முதல் மழையும் பெய்திருக்கும். ஊருக்குப் போகாத ஆண்டுகளில் 'லூ' என்னும் அனற்காற்றுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டிற்குள் இருந்து விடுகிறோம். ஆகவே இந்நகரத்தின் கோடையை நம்மில் பலர் சரியாகப் பார்த்ததே இல்லை எனலாம்.

பறவை பார்ப்போரும் இவ்விஷயத்தில் நம்மைப் போன்றவர்களே. தில்லியில் பறவை என்றால் குளிர்காலம் என்பது அவர்களிடையே வேரூன்றிய எண்ணம். கார்த்திகை பிறந்தது முதல் மாசி முடிய, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளையும், சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் சிறகிகளையும் காண, தொலைநோக்கியும் கம்பளி ஆடையுமாக ஏரிக்கரைகளில் கூட்டம் நிற்கும். பங்குனி வெயில் ஏறியதும் விருந்தாளிகள் வடக்கே சென்று விடுகின்றன. பார்வையாளர்களும் கலைந்து விடுகிறார்கள். ஆனால் விருந்தினர் போன பிறகுதான் வீட்டாரின் வாழ்வு தொடங்குகிறது. கூடு கட்டுதல், முட்டையிடுதல், குஞ்சு வளர்த்தல் ஆகிய குடும்ப காரியங்களில் பெரும்பகுதி இவ்வட்டாரத்து ஏரிகளில் கோடையிலும், அதைத் தொடரும் மழைக்காலத்திலுமே நடைபெறுகிறது.

கோடைக்கும் சில விருந்தாளிகள் உண்டு. அவை வருவது நம் திசையிலிருந்து. பொன்னிற மேனியும் கரிய சிறகும் கொண்ட மாங்குயில் குளிர்காலத்தைத் தென்னாட்டுத் தோப்புகளில் கழித்துவிட்டுச் சித்திரை வாக்கில் வட இந்தியாவுக்கு வந்து கூடு கட்டுகிறது. நாம் தெற்கு நோக்கி இரயில் ஏறும் நாட்களில் அது தில்லி வேம்புகளில் குடியேறிக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். ஜூன் இறுதியில், மழை மேகத்திற்குச் சற்று முன்பாகவோ உடனாகவோ, சுடலைக் குயில் வந்து சேருகிறது. வடமொழிக் கவிகள் சாதகப் பறவை என்று கொண்டாடியது இதனையே. இது கடல் கடந்து ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. செங்கால் நாரையைத் தூதாக விட்ட சத்திமுற்றப் புலவர், பறவைகள் குமரித் துறைவரை சென்று மீளும் வழக்கத்தை அறிந்து பாடியவர். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குப் பறவையின் போக்குவரத்து கண்ணில் படாமல் இராது என்பதற்கு அவரே சான்று.

இனி ஏரிக்கு வருவோம். தில்லியைச் சுற்றிப் பல நீர்நிலைகள் உண்டெனினும், கோடைப் பறவைகளின் வரலாற்றைக் கூறுவதற்கு மிகவும் ஏற்றது சுல்தான்பூர் ஏரி. இது நகர எல்லைக்கு வெளியே ஹரியானா மாநிலத்தில், குருகிராமத்திலிருந்து பரூக்நகர் செல்லும் சாலையில் உள்ளது. தேசியப் பூங்காவான இதன் மொத்தப் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய ஏரிகளைக் கண்டவர்களுக்கு இது ஒரு தாங்கலாகவே தோன்றும்.

ஏப்ரல் மாதத்துக் காலைப் பொழுதில் இதன் கரையில் நின்றால், நீர் நாளுக்கு நாள் பின்வாங்கி, வெடித்த சேறும் உவர் பூத்த வெண்தரையும் வெளிப்படுவதைக் காணலாம். எஞ்சிய நீரில் மீனும் தவளையும் நெருங்கிக் கிடப்பதால் பறவைகளும் அங்கே நெருங்குகின்றன. சாம்பல் நிறச் சாரசக் கொக்குகள் இரண்டு, ஆளுயரத்திற்கு நிமிர்ந்து, ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் நடக்கின்றன. நாணற் புதரோரம் நீலத் தாழைக்கோழி தன் நீண்ட சிவந்த விரல்களால் தண்டைப் பிடித்துக் கடிக்கிறது. புள்ளி மூக்கு வாத்துகளும் முக்குளிப்பான்களும் நடுநீரில் மிதக்கின்றன. மடையான் தன் மங்கிய மண்ணிறத்தை விட்டு முதுகில் செம்பழுப்பு நிறம் பூண்டிருக்கிறது. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் மஞ்சள் பூசியது போல் ஆகியிருக்கின்றன. இவை யாவும் இல்லறத்திற்கு ஆயத்தமாகும் அடையாளங்கள். அப்பால் நீல்காய் என்னும் பெரிய மான்கள் கருவேல நிழலில் நின்று காதை அசைக்கும். மாலையில் நரி ஒன்று கரையோரம் மோந்து செல்வதும் உண்டு.

ஆனால் நாம் நின்று கவனிக்க வேண்டியவை இவற்றினும் எளிய இரு பறவைகள். ஒன்று, நம் வயற்புறங்களில் ஆளைக் கண்டதும் கூவி ஊரைக் கூட்டும் ஆள்காட்டி. மற்றொன்று, குச்சி போன்ற செந்நிறக் கால்களில் கரிய சிறகும் வெள்ளை உடலுமாக நிற்கும் பவளக்கால் உள்ளான். இரண்டும் கூடு என்று சொல்லத்தக்க எதையும் மரத்தில் கட்டுவதில்லை. நீர் வற்றிய திறந்த வெளியில், வெறுந்தரையில் சிறு பள்ளத்திலோ, கற்துண்டுகளைச் சேர்த்த மேட்டிலோ நான்கு முட்டைகளை இடுகின்றன. மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றாயிருத்தலால் இரண்டு அடி தூரத்தில் நிற்பவனுக்கும் அவை புலப்படா.

வெப்பம் 45 பாகையைத் தொடும் நாட்டில், நிழலில்லாத் தரையில் முட்டை இருந்தால் அது வெந்து போகாதா என்ற ஐயம் நமக்கு எழும். பிற பறவைகள் முட்டையைச் சூடாக்கவே அதன் மேல் அமர்கின்றன. இவையோ நண்பகலில் முட்டையைக் குளிர்விக்க அமர்கின்றன. தாயும் தந்தையும் மாறி மாறி நின்று தம் உடலின் நிழலை முட்டைமேல் விழச் செய்யும். அதுவும் போதாதபோது, ஒன்று நீர்விளிம்பிற்கு ஓடி, வயிற்றுச் சிறகுகளை நீரில் தோய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின் மீது அமரும். ஈரம் காற்றில் உலரும்போது முட்டையின் சூடு தணிகிறது. மண்பானையில் நீர் குளிரும் அதே விதிதான். இவ்வாறு ஒரு பகலில் பல முறை நடக்கிறது. நீர் மிகவும் தொலைவிற்குப் பின்வாங்கி விட்டால் இந்த ஏற்பாடு குலைந்து விடும். ஏரியில் எவ்வளவு நீர் என்பது மட்டுமன்றி, கூட்டிலிருந்து எத்தனை தப்படியில் நீர் என்பதும் அப்பறவைக்கு உயிர்ப் பிரச்சினை.

இந்த உள்ளான்களைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைக் கேட்டால் நேயர்கள் வியப்படையக் கூடும். 1885-ஆம் ஆண்டு இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் முதல்வராகப் பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் அவர்.

சுல்தான்பூர் அக்காலத்தில் பறவைக்குப் பெயர் பெற்ற இடமன்று; உப்புக்குப் பெயர் பெற்றது. அவ்வட்டாரத்துக் கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அதனை இறைத்து, சுண்ணம் பூசிய ஆழமற்ற பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவைத்து உப்பு எடுத்தார்கள். 'சுல்தான்பூரி உப்பு' வடநாட்டுச் சந்தைகளில் விலைபோன சரக்கு. 1873-இல் இந்தியாவின் முதல் மீட்டர் பாதை தில்லியிலிருந்து ரேவாரிக்குப் போடப்பட்டபோது, பரூக்நகருக்கும் ஒரு கிளைப் பாதை இட்டனர். உப்பை ஏற்றிச் செல்லுவது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. பின்னாளில் இராமேசுவரம் வரை நம்மை ஏற்றிச் சென்ற அந்தச் சிறுபாதை வண்டியின் பிறப்பிடம் இங்கே என்பது நினைவில் வைக்கத் தக்கது.

உப்பு என்றால் அன்றைய அரசாங்கத்துக்கு வரி. சிந்து நதியின் பக்கத்திலிருந்து மகாநதிப் பகுதி வரை நாட்டின் குறுக்கே ஒரு சுங்கக் கோடு வகுத்து, அதன் பெரும்பகுதியில் முள்வேலி வளர்த்து, ஏறத்தாழ 12,000 ஆட்களைக் காவல் வைத்து உப்பு வரி தண்டினார்கள். தில்லிப் பகுதியும் அக்கோட்டில் அடக்கம். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கத் துறைக்கு ஆணையராக இருந்தவர் ஹியூம். வேலியைச் செழிக்கச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எட்டாவா மாவட்டத்தில் கல்விக்கூடங்கள் திறந்தவரும், பின்னர் காங்கிரசுக்கு வித்திட்டவருமான ஒருவர், இடையில் ஏழையின் உப்புக்கு வேலி கட்டிய உத்தியோகத்தில் இருந்தார் என்பது சரித்திரத்தின் கோணல்களில் ஒன்று.

உத்தியோகம் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றது. போன இடமெல்லாம் அவர் பறவைகளைத் தேடினார். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி 1870-களில் அவர் வெளியிட்ட நூலில் சுல்தான்பூர் உப்பளத்திற்கு ஓர் இடம் தந்திருக்கிறார். பவளக்கால் உள்ளான்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கூடி, கோடை மாதங்களில் உப்புப் பாத்திகளின் இடையே சுக்கான் கற்துண்டுகளைக் குவித்துச் சிறு மேடை கட்டி முட்டையிடுவதை அவர் விவரிக்கிறார். உப்பு எடுப்பதற்கு எந்தப் பருவம் ஏற்றதோ அதே பருவம் அப்பறவைக்கும் ஏற்றதாயிற்று. பாத்தியில் ஆழமற்ற நீர், சுற்றிலும் மரமற்ற வெளி, வரப்பில் கற்துண்டு என அதற்கு வேண்டிய யாவும் மனிதன் தன் தேவைக்குச் செய்த இடத்தில் அமைந்துவிட்டன. தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களைப் பார்த்தவர்கள் இதே பறவை அதே ஒய்யாரத்துடன் அங்கும் நிற்பதைக் கண்டிருப்பார்கள்.

ஹியூமின் பிற்கால வாழ்வு உருக்கமானது. சிம்லாவில் அவர் வீட்டில் வைத்திருந்த, ஏறக்குறைய கால் நூற்றாண்டு உழைப்பாகிய கையெழுத்துக் குறிப்புகளை ஒரு வேலையாள் எடைக்கு எடை காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டான். அத்துடன் பறவை ஆராய்ச்சியில் அவருக்கு இருந்த ஊக்கம் ஒடிந்தது. தாம் சேர்த்திருந்த ஆயிரக்கணக்கான பறவை உடல்களை 1885-இல் லண்டன் பொருட்காட்சிச் சாலைக்குக் கொடுத்து விட்டார். அதே ஆண்டின் இறுதியில்தான் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. அக்குறிப்புகள் தப்பியிருந்தால் அவர் அரசியலில் இவ்வளவு ஈடுபட்டிருப்பாரா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. விடை கூற எவராலும் இயலாது.

பறவை உடல்கள் என்று கூறினோம். அக்காலத்தில் பறவையை அறிவது என்றால் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பதப்படுத்திப் பெட்டியில் வைப்பதே. அறிவுக்காகச் சுட்டவர்களை நாம் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். பரத்பூர் ஏரியில் 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபுவின் விருந்தினர் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அது எவ்வகை அறிவு என்று தெரியவில்லை. அக்கல் இன்றும் அங்கு நிற்கிறது.

துப்பாக்கி இல்லாமல் பறவையைப் பார்த்தவர்கள் அதற்கு முன்பும் இந்நாட்டில் இருந்தார்கள். வேட்டைப் பிரியரேயாயினும் சக்கரவர்த்தி ஜஹாங்கீர், லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு வளர்த்த ஒரு சோடிச் சாரசங்களின் இல்லறத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துத் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். இரவில் பெடை முட்டை மீது அமர ஆண் காவல் நிற்பதையும், விடியலில் ஆண் வந்து முறை மாற்றிக்கொள்ளுவதையும் அவர் பதிவு செய்த முறை இக்கால ஆராய்ச்சியாளனுக்கும் ஏற்கும். சாரசத்தின் அடைகாப்பைப் பற்றிய மிகப் பழைய நேர்க்குறிப்புகளுள் அது ஒன்று. நாம் ஏரிக்கரையில் நின்று காணும் அதே காட்சி நானூறு ஆண்டுகளுக்கு முன் அரண்மனையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

விடுதலைக்குப் பின் தில்லியில் இக்கலை பொதுமக்களுடையதாயிற்று. 1950-இல் தில்லிப் பறவை பார்ப்போர் சங்கம் தொடங்கப்பெற்றது. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் இந்திய இராணுவத்தில் பொறியியல் தலைவராக விளங்கிய லெப்டினன்ட் ஜெனரல் ஹெரால்டு வில்லியம்ஸ். மற்றொருவர் காந்தியடிகளின் நண்பரும், குவேக்கர் சமயத்தவருமான ஹோரஸ் அலெக்சாண்டர். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930-இல் காந்தியடிகளுக்கும் வைசிராய்க்கும் இடையே சமாதானம் காண முயன்றவர்களுள் அலெக்சாண்டரும் ஒருவர். அவ்வாண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து இராஜாஜி தொண்டர்களுடன் நடந்து சென்று உப்பெடுத்தது வேதாரணியத்தில். அதன் அருகிலுள்ள கோடிக்கரை சதுப்பு நிலம் 1967-இல் சரணாலயமாகி, இன்று பூநாரைகளுக்கும் உள்ளான்களுக்கும் புகழ் பெற்றிருக்கிறது. உப்பும் பறவையும் ஒரு தரத்தையே நாடுகின்றன போலும்.

அச்சங்கத்தின் உறுப்பினர்களில் இந்திரா காந்தியும் இருந்தார். ஞாயிறு காலைகளில் யமுனைப் படுகையிலும் ஏரிகளிலும் சங்கத்தார் சுற்றி எழுதிய குறிப்புகள் வீண் போகவில்லை. உஷா கங்குலி தில்லிப் பகுதிப் பறவைகளைப் பற்றி எழுதிய கையேடு 1975-இல் வெளிவந்தது. 400-க்கு மேற்பட்ட இனங்கள் அதில் இடம் பெற்றன. தமிழரைப் பொறுத்தவரை மா. கிருஷ்ணனைக் குறிப்பிடாமல் செல்லுவது முறையன்று. அ. மாதவையாவின் புதல்வரான அவர் சென்னையிலிருந்து 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழுக்கு 1950 முதல், தாம் மறைந்த 1996 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாமல் இயற்கைக் கட்டுரைகள் எழுதி வந்தார். காக்கையையும் அணிலையும் ஆள்காட்டியையும் பற்றி அவர் எழுதியவற்றைத் தில்லித் தமிழர் பலர் காலைக் காப்பியுடன் படித்தனர்.

சுல்தான்பூர் உப்பளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் நலிந்து மறைந்தது. வரியும் சாம்பர் ஏரி உப்பின் போட்டியும் அதனை ஒடுக்கின. பாத்திகள் தூர்ந்தன; மழைநீர் தேங்கும் பள்ளம் மட்டும் எஞ்சியது. அங்கே பறவைகள் கூடுவதைத் தில்லிச் சங்கத்தார் அறிந்திருந்தனர். ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் நிருபராக இங்கு பணியாற்றிய பீட்டர் ஜாக்சன், இவ்வேரியைக் காக்க வேண்டும் என்று பிரதமராயிருந்த இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். பிரதமர் அக்கறை காட்டியதன் பயனாக, 1971 ஏப்ரலில் ஹரியானா அரசு இதனைச் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் இது தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 2021-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

ஒரு கடிதத்தால் ஏரி காப்பாற்றப்பட்டது என்பது இனிய கதை. ஆனால் அதே காலத்தில், அதே வட்டாரத்தில், அதனினும் பன்மடங்கு பெரிய நஜப்கர் ஏரிக்கு நேர்ந்தது வேறு. அரவல்லி மலைப் பக்கத்திலிருந்து சாஹிபி ஆறு கொணரும் மழை வெள்ளம், தில்லியின் தென்மேற்கு எல்லையில் பரந்து தேங்கி, மாதக் கணக்கில் கடல் போல் நிற்கும். பழைய வேட்டைக்காரர்களும் பறவை நூலாரும் அதனைப் போற்றியிருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டுப் பெரு வெள்ளம் நகரை அச்சுறுத்தியது; அதன்பின் நஜப்கர் வடிகாலை அகலமும் ஆழமும் ஆக்கி, ஏரி நீரை யமுனைக்கு விரைந்து வடிய விட்டார்கள். வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் துயரை நாம் சிறிதாகக் கருதவில்லை. எனினும் வடிகால் தன் வேலையைச் செய்து முடித்தபோது ஏரி பெரும்பாலும் மறைந்து விட்டது. வடிகாலோ நகரத்துக் கழிவைச் சுமக்கும் கால்வாயாக மாறிவிட்டது. எஞ்சிய நீர்ப்பரப்பைக் காக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காட வேண்டியதாயிற்று.

சுல்தான்பூருக்கும் இதில் பங்குண்டு. பெரு வெள்ளம் பரவும் நாட்டில் சிறு பள்ளங்கள் தாமே நிறையும். வெள்ளம் வடிக்கப்பட்ட நாட்டில் அவற்றுக்கு நீர் ஊட்ட வேண்டும். இன்று சுல்தான்பூர் ஏரிக்கு வாய்க்கால் நீரும் குழாய்க் கிணற்று நீரும் விடப்படுகின்றன. சுற்றிலும் வேலி இருக்கிறது, காவலர் இருக்கின்றனர், சட்டம் இருக்கிறது. நீர் மட்டும் வேலிக்கு வெளியேயிருந்து வர வேண்டியிருக்கிறது. குருகிராமத்தின் மாடிக் கட்டடங்களும் அதே நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. வெயில் காலத்தில் வாய்க்கால் நீர் தாமதமானால் உள்ளானின் கூட்டிற்கும் நீர்விளிம்பிற்கும் இடையே தூரம் கூடிவிடும். அதன் விளைவு என்ன என்பதை மேலே கூறினோம்.

நம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதனுடன் ஒப்பிடத் தக்கது. அதன் பரப்பு இதைவிடவும் சிறியது. ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அங்கே பறவைகளைக் காத்தவர்கள் ஊர் மக்கள். நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இடும் எச்சம் ஏரி நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயல்களுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் மாவட்டக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்னும் கௌல் பெற்றனர். 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. வேடந்தாங்கலில் ஏரியின் நீரை நம்பி வாழ்ந்தவனே பறவைக்கும் காவலன். சுல்தான்பூரில் உப்பெடுத்தவர்களின் தொழில் ஒழிந்த பிறகு, ஏரியோடு பிழைப்புத் தொடர்புடையவர் அரிதாயினர். காவல் நகரத்து அன்பர்களிடமும் அரசாங்கத்திடமும் வந்து சேர்ந்தது. நகரத்து அன்பர் ஞாயிறன்று வருகிறார்; ஊரார் எல்லா நாளும் அங்கிருக்கிறார்கள். இவ்விரண்டில் வேடந்தாங்கல் முறையே உறுதியானது என்பது நம் கருத்து.

இரண்டு ஏரிகளுக்கும் பொதுவான பறவை மஞ்சள் மூக்கு நாரை. இதைக் கொண்டே தென்னாட்டு மழைக்கும் வடநாட்டு மழைக்கும் உள்ள வேற்றுமையை அளக்கலாம். வேடந்தாங்கல் பகுதிக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஆகவே பறவைகள் ஐப்பசி, கார்த்திகையில் கூடத் தொடங்கிக் குளிர்காலத்தில் குஞ்சு வளர்க்கின்றன. தில்லிக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அதே நாரை இங்கே ஆகஸ்டில் மரமேறிக் கூடு கட்டுகிறது. பஞ்சாங்கம் பறவைக்குப் பொருட்டன்று. மழை பெய்து நீர் பரவ, மீன் பெருகி, பின்னர் நீர் சுருங்கும்போது அம்மீன்கள் ஆழமற்ற இடங்களில் சேரும். அந்த வேளையில் குஞ்சு பசியோடு வாய் திறந்திருக்க வேண்டும். அதற்குத் தக்கபடி முன்கூட்டியே முட்டையிட்டால் போதும் என்பது நாரையின் கணக்கு.

தில்லியில் இதனைக் காண ஏரிக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பழைய கோட்டையை அடுத்த விலங்குக் காட்சிச்சாலை 1959 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் தொடக்கத் திட்டத்திற்கு இலங்கை விலங்குக் காட்சிச்சாலையின் தலைவர் மேஜர் ஆப்ரி வைன்மன் ஆலோசனை கூறினார் என்பது ஒரு சுவையான செய்தி. காட்சிச்சாலையில் வெட்டிய குளங்களின் நடுவே தீவுகளில் மரங்கள் இருந்தன. திறந்த மறு ஆண்டே, எவரும் அழைக்காமல், கூண்டில் அடைபடாத காட்டு நாரைகள் அம்மரங்களுக்கு வந்து கூடு கட்டின. அன்று முதல் அவை அங்கு வந்துகொண்டிருக்கின்றன. குஞ்சுகளுக்கு வேண்டிய மீனை யமுனையிலும் தொலைவிலுள்ள ஏரிகளிலும் பிடித்து வருகின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்தின் அ. ஜ. உர்ஃபி இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2011-இல் ஒரு நூலே வெளியிட்டார். சித்திரையில் அம்மரங்களைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்தது போன்ற எச்சமும் வெறுங்கூடுகளுமே இருக்கும்.

கோடையில் பறவை பார்க்க விரும்பும் நேயர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். சுல்தான்பூர் பூங்காவை இனப்பெருக்கத்தை முன்னிட்டுக் கடுங்கோடை முதல் மழைக்காலம் முடியும் வரை பார்வையாளருக்கு அடைத்து வைப்பது வழக்கம். ஆகவே ஏப்ரலிலேயே அங்கு சென்று வருவது நன்று. அதன்பின் நமக்கு எளிதானது ஓக்லா. ஆக்ரா கால்வாய்க்காக 1874-இல் யமுனைக்குக் குறுக்கே அணை கட்டிய இடம் அது. 1986-இல் புதிய அணை எழுந்தபின் நீர் விரிந்து தேங்க, 1990-இல் சரணாலயமாயிற்று. அதன் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. மயூர் விகாரில் குடியிருக்கும் நம்மவர்க்கு இது மிக அண்மை. அந்தப் பேட்டையின் பெயரே மயிலின் பெயர்தான்.

காலை ஐந்தரை மணிக்குக் கரையில் இருந்தால் எட்டு மணிக்குள் திரும்பி விடலாம். குடிநீரும் தலைக்குத் துணியும் போதும். வைகாசியில் தூக்கணாங்குருவி ஆண்கள் மஞ்சள் பூண்டு கூடு பின்னத் தொடங்கும். ஆனியில் நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் முட்டையிடும். பெடை வேறு துணையை நாடிப் போய்விட, ஆண் பறவை தனித்திருந்து அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். நீர் ஒதுங்கிய மேட்டில் ஆள்காட்டி கத்தத் தொடங்கினால், அருகே முட்டை இருக்கிறது என்று பொருள். அவ்விடத்தில் நாம் நின்று கொண்டிருக்கும் வரை அது திரும்பி வந்து முட்டைக்கு நிழல் தராது. இருபது தப்படி பின்னே வந்துவிட்டால், சில நிமிடங்களில் ஓடி வந்து, வயிற்றை நனைத்துக்கொண்டு மீண்டும் அமரும்.